பதினேழாம் தொட்டி

கூதக்காட்டு வித்துக் காப்பகத்துக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் தலைக்குக் குளிக்க வேண்டும். அமைச்சராக இருந்தாலும் சரி, அமைச்சருக்குக் குடை பிடிப்பவராக இருந்தாலும் சரி. குளித்து, மூக்கைச் சிந்தி, காதைத் துடைத்து, காப்பகம் கொடுக்கும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டுதான் கண்ணாடிக் கூடத்தில் கால் வைக்கலாம். போன வருடம் ஓர் அதிகாரி, தான் காலையிலேயே குளித்துவிட்டு வந்ததாக வாதாடிப் பார்த்தார். காப்பகப் பொறுப்பாளர் திலகவதி அவரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதம் இன்னும் அவள் மேசை மேல்தான் கிடக்கிறது.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூள்.

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மருந்தும் போதையும் பெண் செடியின் பூவில்தான் இருக்கின்றன. அரசு பத்தொன்பது வருடங்களுக்கு முன் மருந்துக் கஞ்சாவுக்கு உரிமம் கொடுத்தது. பெரிய கம்பெனிகள் பெரிய கூடங்களில் வளர்த்தன. மலையில் இருந்தவர்கள் மட்டும் உரிமமாவது மண்ணாவது என்று, தாங்கள் பாட்டுக்கு ஓடைக் கரைகளில் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் வெட்டிப் பார்த்தார்கள், எரித்துப் பார்த்தார்கள், பிடித்து உள்ளே போட்டுப் பார்த்தார்கள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு மகரந்தத் தூளைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தூளுக்குக் கருவாகும் விதை முளைத்தால் அநேகமாக ஆணாகத்தான் முளைக்கும். அந்த ஆணின் தூளும் அதே வேலையைச் செய்யும். நாலைந்து வருடத்தில் ஒரு சரிவு முழுக்க ஆண் செடிகளாக நிற்கும். அதற்கடுத்த வருடம் அதுவும் நிற்காது.

மூன்று மழைக்காலம் டிரோன்கள் அந்தத் தூளை மலை மேல் இறைத்தன. துப்பாக்கி இல்லை, தீ இல்லை, அகிம்சை முறை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அரசுக் காகிதத்தில் அதற்குத் தூய்மைத் திட்டம் என்று பெயர். மலைக்காரர்கள் ஆம்பளைத் தூள் என்றார்கள்.

தூளுக்கு மாநில எல்லை தெரியாதே. உரிமம் இல்லாதவனின் செடி எது, நூற்றாண்டுகளாகத் தானே முளைத்துத் தானே விழுந்த செடி எது என்றும் அதற்குத் தெரியாது. மலைக்கு மலை மாறிக்கொண்டிருந்த நாட்டு ரகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியது ஒன்று. பனிக்கொம்பன். அதுவும் காட்டில் இல்லை. காப்பகத்தின் குளிர் அறையில், ஒரு வெள்ளித்தாள் பொட்டலத்தில், அறுபத்தொரு விதையாக இருந்தது.

விதை என்பது போட்டு வைத்தால் இருந்துகொண்டே இருக்கும் சாமான் இல்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை முளைக்க வைத்துப் புது விதை எடுத்தாக வேண்டும். இந்த வருடம் அந்த முறை வந்தது. அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு முளைத்தது. ஆணா பெண்ணா என்று கணுவில் தெரியும் வரை திலகவதிக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தனைண்ணே?"

காப்பக வேலையாள் மொக்கராசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி வரிசையைப் பார்த்தபடி நின்றார். "இருபத்தொம்பது ஆம்பள. ஒம்பது பொம்பள."

"திரும்ப எண்ணுங்க."

"மூணு வாட்டி எண்ணிட்டேன் தாயி. வேணும்னா நீங்க லென்சப் போட்டுப் பாருங்க."

அவள் லென்சைப் போட்டுப் பார்த்தாள். பாதிக்குப் பாதி இருந்திருக்க வேண்டும். கவிழ்ந்து கிடந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து வருஷம் முன்னாடி இந்த விதையை எடுத்தப்பவே தூள் உள்ளே வந்திருக்கு. குளிக்கிற விதியெல்லாம் அதுக்கப்புறம்தானே போட்டோம்" என்றாள்.

"எங்க பக்கம் ஒரு காலத்துல பொட்டப்புள்ள பொறந்தா மொகத்தத் திருப்பிக்கிருவாய்ங்க" என்றார் மொக்கராசு. "எங்க ஆத்தா கூடப் பொறந்த பொட்டப்புள்ளைக மூணு. ஒண்ணுகூட நடக்கிற வயசுக்கு வரல. அப்புறம் ஊருக்குள்ள எளவட்டமா நிக்கிறாய்ங்க, கட்டிக்குடுக்கப் பொண்ணு இல்ல. அதே கூத்தை இப்பச் செடிக்கும் பண்ணி வச்சிருக்காய்ங்க, படிச்சவிங்க."

மொக்கராசுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் அதே மலையில் களவாகக் கஞ்சா போட்டவர். அதில் நாலு வருடம் சிறையில் கத்தரிக்காய் போட்டவர். தூள் வந்து பிழைப்புப் போனதும் காப்பகத்தில் வேலை கேட்டு வந்தார். விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று திலகவதி ஒரு நாள் முழுக்க யோசித்து, மலைச்சரிவு வேளாண்மை என்று எழுதி ஒப்பேற்றினாள். ஆள் கெட்டிக்காரர். ஒரே ஒரு தொல்லை, அவருடைய கை. ஆண் பூவைக் கண்டால் அது தானாகப் போய்க் கிள்ளிவிடும். அவர் தொழிலில் ஆணை நிற்க விட்டால் பூவெல்லாம் விதையாகிப் போகும். விதை விழுந்த பூவில் எண்ணெய் இருக்காது. காப்பகத்துக்கோ விதைதான் வேண்டும். அதனால் கூடத்துக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே திலகவதி உத்தரவு போட்டிருந்தாள். மூன்று வருடமாக அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

ஆண் செடிகளின் இலைகள் பரிசோதனைக்கூடத்துக்குப் போயின. ஆறாம் நாள் காப்பகத்தின் இயக்குநர் எட்வின் துரைராஜ் முடிவுக் காகிதத்தோடு சென்னையிலிருந்து அவரே வந்து இறங்கினார். குளித்து, ஈரத் தலையோடு வந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இருபத்தொம்பதும் தூள் ஏறினதுதான். ஒண்ணுகூடச் சுத்தம் இல்ல."

"மொக்கராசு அண்ணன் கண்ணுக்கே வித்தியாசம் தெரியலையே சார். வெளி ரகத்தோட கலந்திருந்தா இலையே காட்டிக் கொடுத்திருக்குமே."

"வெளி ரகம் இல்ல திலகா. அந்தத் தூளைச் செய்யறதுக்கு மூலமா ஒரு ஆண் செடி வேணும்ல? குளிர் தாங்கணும், மழை தாங்கணும், எந்த மலையிலயும் ஒட்டணும். அதுக்கு அவங்க எடுத்தது பனிக்கொம்பனை. ஆராய்ச்சிக்காகன்னு நம்ம காப்பகத்துல இருந்துதான் நாப்பது விதை போயிருக்கு. பதிமூணு வருஷம் முந்தி."

திலகவதிக்கு அந்தப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த மறு வருடம். ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி, பஞ்சில் பொதிந்து, யாரோ பெரிய விஞ்ஞானிகள் நம் விதையைக் கேட்கிறார்கள் என்ற பெருமையோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

"அனுப்பினது நான்தான் சார்."

"அனுப்பச் சொன்னது நான்" என்றார் எட்வின்.

"இப்ப என்ன வழி? பதியன் போட்டுப் பார்க்கலாமா?"

"குட்டை நோய் வந்தப்புறம் உலகத்துல எந்தப் பதியன் பிழைச்சிருக்கு? விதைதான் ஒரே வழி. ஆணே இல்லாம விதை எடுக்கணும். பெண் செடி மேல வெள்ளித் தண்ணி தெளிச்சா அது கலங்கிப் போய் ஆண்பூ விடும். அந்தத் தூள் பெண்ணோட தூள். அதைப் பெண்ணுக்கே தடவினா, வர்ற விதையெல்லாம் பெண்ணாத்தான் இருக்கும். ஆம்பளைத் தூள் ஒட்டிக்கிட்டு இருக்கிறது ஆண் பாதியில. இங்க அதுக்கு வேலையே இல்ல."

"எத்தனை செடிக்குத் தெளிக்கணும்?"

"இதென்ன கேள்வி? ஒம்பதுக்கும்தான். நாட்டு ரகம்ங்கறது ஒரு செடி இல்ல, ஒரு ஊருன்னு நீங்கதானே வர்ற பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுப்பீங்க. ஒம்பதுல ஒண்ணைக்கூட விட முடியாது."

"தெளிச்சுட்டா அந்தப் பூ மருந்துக்கு ஆகாதே சார்."

"மருந்தா?" எட்வின் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளி ஏறின பூ விஷம். விதையை எடுத்துட்டு மிச்சத்தை எரிச்சிடணும். மருந்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அடுத்த வருடம் என்பது அவருக்கு ஒரு வருடம்தான். திலகவதிக்கு அப்படி இல்லை.

அவளுடைய மகள் சாருமதிக்குப் பதினொரு வயது. நாலு வயதில் வலிப்பு வந்தது. அப்போதெல்லாம் கம்பெனிச் சொட்டு மருந்து ஒன்று இருந்தது. மூன்று சொட்டு நாக்கில் விட்டால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல ஓடும். ஆனால் அந்த மருந்து முழுக்க ஒரே தாய்ச் செடியின் பதியன்களிலிருந்து வந்தது. உலகம் பூராவும் அதே செடிதான், ஆயிரம் கூடங்களில். இரண்டு வருடத்துக்கு முன் குட்டை நோய் புகுந்தது. ஒரு கூடத்தில் புகுந்தது எல்லாக் கூடத்திலும் புகுந்தது. சொட்டு மருந்து நின்றது. மாற்று மருந்து என்று வந்தவை சில பிள்ளைகளுக்குக் கேட்டன, பல பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. சாருமதிக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து முன்பல் உடைந்தது. ஒரு வாரத்தில் ஐந்து முறை, ஆறு முறை. வலிப்பு நின்றதும் பிள்ளை கண் திறந்து, "எத்தனை நேரம்மா?" என்று கேட்கும்போது திலகவதி ஒவ்வொரு முறையும் பொய் சொன்னாள்.

விஷயம் தெரிந்த மொக்கராசு ஒரு நாள் கூரைச் சந்தில் ஒளித்து வைத்திருந்த பழைய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தூள் வருவதற்கு முன் காய்ச்சிய பனிக்கொம்பன் எண்ணெய். மாங்காய் இஞ்சி வாசனை. அதை விட்ட அன்றே வலிப்பு நின்றது. அந்தப் பாட்டிலில் இப்போது அடியில் ஒரு விரல் உயரத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

எட்வின் போன மறுநாள் திலகவதி ஒன்பது பெண் செடிகளின் இலையையும் கசக்கி முகர்ந்து பார்த்தாள். எட்டில் மண்ணெண்ணெயும் மிளகும் கலந்த வாடை அடித்தது. பதினேழாம் தொட்டியில் மட்டும் மாங்காய் இஞ்சி. சொல்லப்போனால் முடிவை எடுத்தது அவள் மூக்குதான்; புத்தி பின்னால் வந்து காரணம் சொன்னது. எட்டு செடி போதும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நல்ல செடியைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளக் கூடாது, அங்கேதான் ரகம் கெட ஆரம்பிக்கும் என்று பதினாலு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவள் அவள். பதிவேட்டில், தொட்டி 17, வேர் அழுகல், அழிக்கப்பட்டது என்று எழுதினாள். எழுத்து வழக்கம்போல் முத்து முத்தாக விழுந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இருவருமாகத் தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஜெனரேட்டருக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். விளக்கும் தண்ணீரும் அங்கே இருந்தன. யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

"இது பாப்பாவுக்குண்ணே" என்றாள். "ஒரு விதைகூட விழக்கூடாது. விதை விழுந்தா எண்ணெய் போயிடும்."

மொக்கராசுவின் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாகப் பின்னால் கட்டியிருந்த கைக்கு முதல் முறையாக வேலை வந்திருக்கிறது. "ஒரு வெதை விழுந்தா என் கையை வெட்டிக்கங்க தாயி" என்றார்.

அன்றே இருபத்தொன்பது ஆண் செடிகளையும் பிடுங்கி எரித்தார்கள். மொக்கராசு வாழ்நாள் முழுக்க ஆண் செடியைப் பிடுங்கியவர்தான். ஆனாலும் அன்றைக்குச் சூளைப் பக்கம் போகாமல் தள்ளியே நின்றார். "நம்ம வீட்டுப் பயலுகதான, அவிங்க என்ன செய்வாய்ங்க" என்று முணுமுணுத்தது திலகவதி காதில் விழுந்தது.

எட்டு செடிகளுக்கும் வெள்ளித் தண்ணீர் தெளித்தாள். எட்வின் சொன்னபடியே ஆண்பூ வந்தது. தூளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். உருண்டு திரண்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. மெல்லிய தூரிகையால் செடிக்குச் செடி மாற்றித் தடவினாள். மூன்றாம் வாரம் விதை கட்டத் தொடங்கியது. சாம்பல் நிறத்தில், மேலே புலிவரி ஓடிய ஓடுகள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள்.

பின் அறையில் பதினேழாம் தொட்டி முன்னதாகவே முற்றிவிட்டது. மொக்கராசு அறுத்து, உலர்த்தி, காய்ச்சிக் கொடுத்தார். கட்டையையும் வேரையும் சூளையில் போட்டார்கள்; பதிவேட்டின்படி அது ஏற்கெனவே செத்த செடி, தடயம் இருக்கக் கூடாது. கால் லிட்டர் பாட்டிலில் பாதி எண்ணெய் கிடைத்தது. சக்கையை வீசிவிட மனமில்லாமல் திலகவதி ஒரு ஜாடியில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தாள்.

அதன் பிறகு நாற்பத்திரண்டு நாள் சாருமதிக்கு வலிப்பு இல்லை. பிள்ளை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றபோது, வலிப்பில் விழாமல் சைக்கிளில் இருந்து விழுந்ததற்காகத் திலகவதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "லூசும்மா நீ" என்றது பிள்ளை. அந்த நாற்பத்திரண்டு நாளும் திலகவதி சந்தோஷமாக இருந்தாள். செய்த தப்பு ஒரு முறைகூட உறுத்தவில்லை. உறுத்தியது என்று சொன்னால் அது பொய்.

எட்டு செடியிலிருந்து ஆயிரத்து நூற்றுச் சொச்சம் விதை கிடைத்தது. விதியின்படி செடிகளை எரித்தாள். எட்வின் தொலைபேசியில், பாராட்டு விழா ஒன்று எடுத்தே தீர வேண்டும் என்றார். முளைப்புச் சோதனைக்கு நூறு விதையை ஈரத் துணியில் வைத்தாள். ஐந்து நாள், பத்து நாள், பதினைந்து நாள். ஒன்றும் கிளம்பவில்லை. ஒரு விதையை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் முந்நூறு விதையைக் கீறிவிட்டாள். எல்லாம் பொக்கு.

எட்வின் இந்த முறை வந்தபோது குளிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்க்கச் செடி எதுவும் இல்லையே. அலுவலக அறையில் உட்கார்ந்து, கொடுத்த காபியை ஆற விட்டார்.

"வெள்ளித் தண்ணி வித்தை நமக்குத் தெரியும்னா தூளைச் செஞ்சவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ரெண்டாவது பூட்டு ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க. தூளுக்குப் பிறந்த பெண்ணையும் அவங்க சும்மா விடல. அந்தப் பெண் விடற ஆண்பூவுல தூள் பார்க்க நல்லா இருக்கும், ஓடு கட்டும், கரு பிடிக்காது. யாருக்கும் சொல்லல. நேத்துதான் என்னைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினாங்க. மன்னிப்புக் கேக்கிற குரல்லகூடப் பேசல."

"அந்தத் தூளுக்குப் பிறக்காத பெண் ஒண்ணு நம்மகிட்ட இருந்திருந்தா?"

"ஒண்ணே ஒண்ணு போதுமே! தன் தூளைத் தானே வாங்கி நூறு விதை கொடுத்திருக்கும். ரகம் மெலிஞ்சுதான் போயிருக்கும், ஆனா செத்திருக்காது. பத்து வருஷத்துல தேத்தியிருக்கலாம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

அவர் போனதும் வீட்டுக்கு வந்து அலமாரி ஜாடியிலிருந்து ஒரு துண்டு இலையை எடுத்தாள். வேறு பெயர் போட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். தூள் ஏறியது என்று பதில் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வந்தால் அவள் எதையும் இழக்கவில்லை. எட்டோடு ஒன்பதாகப் பதினேழும் பொக்குதான். எட்டாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது. மாதிரியில் தூள் இல்லை, தாய் தந்தை இரண்டும் சுத்தம்.

மொக்கராசு காலித் தொட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். கேட்காமல் இருந்துவிடலாம் என்றும் இருந்தது. கேட்டாள்.

"அண்ணே, பின் ரூம்ல இருந்த செடிக்கு வெள்ளித் தண்ணி தெளிக்கல. தெளிக்காமலே அதுல ஆண்பூ ஏதாச்சும் வந்துச்சா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த வேலையைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"வராமயா? அது பனிக்கொம்பனுக்குப் பொறவிப் புத்தி தாயி. சுத்துப்பட்டுல ஆம்பள வாடையே இல்லைன்னு வைங்க, கடேசியில பொம்பளையே ஒண்ணு ரெண்டு ஆம்பளப்பூ விட்டுக்கிரும். கிறுக்குப்பூன்னு சொல்லுவோம். மஞ்சளா, சின்ன வாழப்பழங் கணக்கா, பூவுக்குள்ள பதுங்கி இருக்கும். எங்க தொழில்ல அதக் கண்டா செடியவே புடுங்கி எறிஞ்சிருவோம், தோட்டத்தையே வெதையாக்கிப்புடும். இது பாப்பா மருந்தாச்சேன்னு புடுங்க மனசு வரல. தெனமும் வெள்ளன வந்து, லென்சப் போட்டுக்கிட்டு, ஒண்ணொண்ணாக் கிள்ளி எடுத்தேன். அது விடுது, நான் கிள்ளுறேன். நாப்பது நாளு. தீவாளி அன்னைக்கிக்கூட எண்ணெய் தேச்சுக் குளிக்காம இங்கதான் ஓடியாந்தேன்."

"எல்லாத்தையுமா கிள்ளினீங்க?"

"ஒண்ண விட்டாலும் வெதை விழுந்துருமே தாயி."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"என்ன தாயி, தப்பாயிருச்சா?"

"இல்லண்ணே. நான் சொன்னதைத்தானே செஞ்சீங்க."

வீட்டுக்கு வந்து ஜாடியைத் தரையில் விரித்த பேப்பரில் கவிழ்த்தாள். காம்பு காம்பாக, சருகு சருகாகப் பிரித்து, லென்சை வைத்துத் தேடினாள். நாற்பது நாளில் ஒரு நாளாவது மனிதர் அசந்திருக்க மாட்டாரா, ஒரு நாளாவது லென்சில் தூசி படிந்திருக்காதா? காய்ச்சின சக்கையில் விதை கிடைத்தாலும் அது முளைக்காது என்பதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. முழுச் சக்கையையும் இரண்டு தடவை பார்த்தாள். ஒரு விதைகூட இல்லை. அந்த மனிதர் மேல் கோபப்பட முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சாருமதி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, பையைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள். திலகவதி பேப்பரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு பாட்டிலை எடுத்து மூன்று சொட்டு விட்டாள். சொட்டு சொட்டாக விட்டால் இது இன்னும் இரண்டு வருடத்துக்கு வரும். இழுத்துப் பிடித்தால் மூன்று. அப்போது பிள்ளைக்குப் பதினாலு வயது ஆகியிருக்கும்.

"அம்மா, எங்க கிளாஸ் ரித்தீஷ் இருக்கான்ல, அவன் தங்கச்சிக்கும் ஃபிட்ஸ்மா. நேத்து ராத்திரி பூரா அவங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்களாம். சின்னப் பாப்பா, ஒண்ணாங் கிளாஸ்தான்" என்றாள் சாருமதி. "அவளுக்கும் கொஞ்சம் குடுப்போமா? நம்மகிட்டதான் செடி இருக்குல்ல?"

திலகவதி பாட்டிலின் மூடியைப் போட்டாள். நன்றாக இறுகும் வரை திருகினாள்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.